ஆறின பாலுக்கு மட்டும்

சுகாதார இன்ஸ்பெக்டர் ஆவுடையப்பனுக்குச் சாரல் என்றாலே பிடிக்காது. ஊர் உலகமெல்லாம் ரயிலேறி வந்து, குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அருவியில் தலையைக் கொடுத்து ஆகா ஆகா என்று அனுபவிக்கிற ஆனி ஆடி மாதங்கள்தான் அவருக்கு ஏழரைச் சனி. தென்காசி வேலை போதாதென்று குற்றாலத்து வேலையும் தலையில் விழும். கிணறுகளுக்கு மருந்து போட வேண்டும், சாக்கடை பார்க்க வேண்டும், மிட்டாய்க் கடைக்காரனிடம் ஈயைப் பற்றிச் சண்டை போட வேண்டும். போட்ட சட்டை காயாது. கழற்றிப் போட்ட சட்டையும் காயாது. பூட்ஸுக்குள் ஊறி ஊறி வெளிறிப்போன காலைச் சாயங்காலம் கழற்றிப் பார்த்தால், அது தன்னுடைய கால்தானா என்று அவருக்கே சந்தேகம் வரும். நாற்பத்தாறு வயதில் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு அலுப்பு ஆகாதுதான். அலுப்பு வயதைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

இத்தனை அலுப்புக்கும் நடுவில் அவருக்குப் பெருமை என்று ஒன்று இருந்தது என்றால் அது பால் விஷயத்தில்தான். தென்காசிக்கு மாற்றலாகி வந்த புதிதில் ஊர்ப் பாலை ஒரு வாய் குடித்துவிட்டு, இது பாலில் தண்ணீரா, தண்ணீரில் பாலா என்று கேட்டவர் அவர். வெளுத்ததெல்லாம் பால் என்று ஊர் குடித்துக்கொண்டிருந்தது. அவர் பெட்டியைத் திறந்து பால்மானியை வெளியே எடுத்தார். கண்ணாடிச் சாமான். அடியில் குண்டு, மேலே மெலிந்த குழாய், குழாயில் கோடுகள். பாலில் விட்டால் மிதக்கும். நல்ல பாலில் சிவப்புக் கோட்டளவில் நிற்கும். தண்ணீர் கலந்திருந்தால் கோட்டைத் தாண்டி முங்கிவிடும். அவ்வளவுதான் சங்கதி.

ஊரில் அதற்குக் கண்ணாடிக்குச்சி என்று பேர் விழுந்துவிட்டது. குச்சி முங்கினால் பால் சாக்கடைக்கு, ஆள் கோர்ட்டுக்கு. பால்காரர்கள் அழுதார்கள். மாட்டின் மேல் சத்தியம் செய்தார்கள். சுரண்டை ரோட்டு ரத்தினம் சூடத்தை ஏற்றி அணைத்தே காட்டினான். அவன் பாலில் அன்றைக்குப் பாதி தண்ணீர். குற்றாலத்தில் ஒருத்தன், "தொட்டுப் பாருங்க அய்யா, தொட்டுப் பாருங்க" என்று செம்பை நீட்டிக்கொண்டே நின்றான். எல்லோருக்கும் ஆவுடையப்பன் சொன்ன பதில் ஒன்றுதான்: "குச்சி பொய் சொல்லாது." மூன்று வருஷத்தில் பால் தேறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எவனாவது புளுகினால், குச்சியை விட்டுப் பார்ப்போமா என்று பிள்ளைகளே கேட்கிற அளவுக்கு அந்தச் சொல் ஊரில் ஓடியது.

குச்சி பொய் சொல்லாதுதான். ஆனால் அது எப்போது பேசும் என்று ஒரு கணக்கு உண்டு. மெட்ராஸில் பயிற்சி கொடுத்த வாத்தியார் அதை ஒரே ஒரு தரம் சொன்னார்: இது ஆறின பாலுக்கு மட்டும். கறந்த சூட்டோடு இருக்கிற பால் இலேசானது, நுரையும் காற்றும் வேறு அடைத்திருக்கும், கலப்பே இல்லாத பாலில்கூடக் குச்சி முங்கிப்போகும். ஆகையால் முதலில் சூட்டைப் பார், பிறகு குச்சியை விடு என்றார். சூடு பார்க்க ஒரு தெர்மாமீட்டரும் பெட்டிக்குள் கூடவே வந்தது. அது முதல் வருஷமே பியூன் பிச்சையாவின் கையிலிருந்து விழுந்து உயிரை விட்டது. வேறொன்று வேண்டும் என்று மேலே எழுதிப்போட்டார். வரும் வரும் என்றார்கள், வரவில்லை. அதனால் குடியொன்றும் முழுகிவிடவில்லை. தென்காசிக்கு வருகிற பால் சுற்றுப்பட்டு ஊர்களில் கருக்கலில் கறந்து, தலைச்சுமையாய் நடந்து வந்து, தானாகவே ஆறியிருக்கும். அங்கே குச்சி சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. வருஷக்கணக்காய்ச் சரியாக இருக்கிற ஒன்றை யார் போய்ச் சந்தேகப்படுவார்கள்? வாத்தியார் சொன்னதில் 'மட்டும்' என்ற சொல் அவருக்கு மறந்தே போயிற்று.

முப்பத்தெட்டாம் வருஷத்து ஆடியில், ஐந்தருவி போகிற பாதையில் ஒரு லாட்ஜில் பாளையங்கோட்டை வக்கீல் சங்கரநயினார் பிள்ளை குடும்பத்தோடு வந்து தங்கியிருந்தார். யாரையும் நம்பாமல் இருப்பது அவருக்குத் தொழில். பாலையும் அவர் நம்பவில்லை. மாட்டை லாட்ஜ் வாசலுக்கே ஓட்டிவந்து கண் முன்னால் கறக்க வேண்டும் என்று மேலகரத்துப் பேச்சித்தாயிடம் சொல்லிவிட்டார். அவளும் காலையில் மாட்டையும் கன்றையும் பற்றிக்கொண்டு, தலையில் சாக்கைக் கவிழ்த்து, சாரலில் நனைந்து வந்து கறந்துவிட்டுப் போவாள். வக்கீல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, செம்பைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, எதிர்க்கட்சிச் சாட்சியைப் பார்ப்பதுபோல மாட்டின் காம்பையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆவுடையப்பன் அன்றைக்கு அந்த லாட்ஜுக்குப் போனது சாக்கடை பார்க்க. வக்கீல் விடவில்லை. உங்கள் குச்சியைப் பற்றிப் பாளையங்கோட்டை வரைக்கும் பேசுகிறார்கள், இங்கே ஒரு தரம் விட்டுக் காட்டும் என்றார். வேடிக்கைக்குத்தான் கேட்டார். பேச்சித்தாயும் சிரித்துக்கொண்டேதான் செம்பை நீட்டினாள். அத்தனை பேர் பார்க்கக் கறந்த பாலுக்கு அவளுக்கென்ன பயம். பிச்சையா பெட்டியைத் திறந்தான். ஆவுடையப்பன் உயரமான கண்ணாடி ஜாடியில் பாலை ஊற்றிக் குச்சியை விட்டார்.

குச்சி முங்கியது. சிவப்புக் கோட்டைத் தாண்டி, ஏறக்குறையக் கால்வாசி தண்ணீர் என்று சொல்கிற இடத்துக்குப் போய் நின்றுவிட்டது.

வக்கீல் எழுந்துவிட்டார். சேலை மடிக்குள் தோல்பை வைத்துத் தண்ணீர் விடுகிறவர்கள் உண்டு என்று தாம் கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னார். பேச்சித்தாய் முந்தானையை உதறினாள், மடியை உதறினாள். வெற்றிலைச் சருகு ஒன்றுதான் விழுந்தது. லாட்ஜில் தங்கியிருந்தவர்களும் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களும் கூடிவிட்டார்கள்.

"கண்ணால பாத்தியள்லா அய்யா?" என்றாள் அவள்.

"கண் ஏமாறும்மா. குச்சி பொய் சொல்லாது. இன்ஸ்பெக்டரே சொன்னதுதானே ஓய் அது?" என்றார் வக்கீல்.

ஜாடி ஆவுடையப்பன் கையில் இருந்தது. சாரலில் விறைத்துப்போயிருந்த விரல்களுக்கு அந்தச் சூடு இதமாக இருந்தது. பாலிலிருந்து ஆவி இலேசாக எழும்பிக்கொண்டிருந்தது. மறந்துபோன அந்த ஒற்றைச் சொல் அப்போதுதான் அவருக்குத் திரும்ப வந்தது.

வந்ததும் அவருக்குச் சந்தோஷம் ஒன்றும் ஏற்பட்டுவிடவில்லை. அடச்சீ என்றுதான் இருந்தது. வாயைத் திறந்து, இது இந்தப் பாலுக்குச் சரிப்படாது என்று சொன்னால் பேச்சித்தாய் தப்பிப்பாள். சொன்ன பேச்சு இங்கேயே நின்றுவிடுமா? தென்காசியில் ரத்தினம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். குச்சிக்கும் ஒரு குறை உண்டு என்று தெரிந்தால் போதும், அந்த ஓட்டை வழியாக ஊர்த் தண்ணீர் முழுவதையும் பாலுக்குள் கொண்டுவந்து விடுவான். மூன்று வருஷமாய்த் தொண்டை வறளக் கத்திச் சேர்த்த நம்பிக்கை அது. சொல்லாமல் விட்டால் ஒரு செம்புப் பால் சாக்கடைக்குப் போகும். ஒரு பொம்பிளை கோர்ட்டுக்குப் போவாள். அவளைத் தண்ணிக்காரி என்று நாலு நாளைக்குச் சொல்வார்கள். இவ்வளவையும் நின்ற நிலையில் நினைத்துப் பார்த்தார். பூட்ஸுக்குள் கால் நமநமவென்றது. வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும் போல இருந்தது.

பேச்சித்தாய் அழவில்லை. தன் மாட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள், அதுதான் ஏதோ செய்துவிட்டது என்பதுபோல. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"இது ஆறின பாலுக்குத்தான் சரியாச் சொல்லும்," என்றார். "சூட்டுப் பாலுக்குச் சொல்லாது."

"அப்போ பொய் சொல்லும்னு ஒத்துக்கிடுதீரு," என்றார் வக்கீல்.

"பொய் இல்ல. அதுகிட்ட கேக்கக்கூடாத கேள்வியக் கேட்டுட்டோம். ஆறட்டும். பொறுங்க."

பாலைத் திரும்பச் செம்பில் ஊற்றி, லாட்ஜைச் சுற்றி ஓடுகிற வாய்க்காலில் செம்பைக் கழுத்தளவுக்கு இறக்கி வைத்து, மேலே ஒரு தட்டைப் போட்டு மூடினார். பிறகு யாரும் ஒன்று சொல்லிவிடக் கூடாதென்று, வாய்க்கால் கரையிலேயே குடையைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்தார். வக்கீல் போவதும் வருவதுமாக இருந்தார். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை. நுரை அடங்கி, பால் நன்றாகக் குளிர்ந்தபின் மறுபடியும் ஜாடியில் ஊற்றிக் குச்சியை விட்டார். அது ஒரு ஆட்டம் ஆடிவிட்டுச் சிவப்புக் கோட்டில் வந்து நின்றது.

கூட்டம் கலைந்தது. கோர்ட்டில் மட்டும் இதைச் சொல்லிவிடாதேயும், ஒரு பால்காரனையும் உள்ளே தள்ள முடியாது என்று வக்கீல் காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆறிப்போன பாலைக் காப்பிக்காகத் திரும்பவும் அடுப்பில் ஏற்றினார்கள்.

பஸ் தென்காசிக்கு வந்து சேருமுன் சங்கதி வந்து சேர்ந்துவிட்டது. மறுநாள் காலையில் ஆவுடையப்பன் வழக்கமாகப் பாலை நிறுத்திப் பார்க்கிற ஆலமரத்தடிக்குப் போனபோது, வரிசையில் நின்ற பானை அத்தனையும் சுட்டது. எல்லாரும் இப்போதுதான் கறந்ததாகச் சொன்னார்கள். ரத்தினத்தின் பானைக்கு அடியில் கரி பிடித்திருந்தது. மாடு என்ன அடுப்பின் மேல் ஏறி நின்றதா என்று அவனைக் கேட்க நினைத்தார். கேட்கவும் அலுப்பாக இருந்தது.

"ஆறட்டும்," என்றார்.

"ஆறட்டும் அய்யா, நமக்கென்ன அவசரம்," என்றான் ரத்தினம், வெகு மரியாதையாக.

காப்பிக் கடைக்காரர்கள் ஆள் மேல் ஆள் அனுப்பினார்கள். பால் இல்லாமல் வியாபாரம் படுத்துவிட்டது என்று ஏசினார்கள். மேலதிகாரி கூப்பிட்டு விட்டார். உண்மைதான் ஓய், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் உண்மையை எல்லாம் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து சொல்ல வேண்டுமா என்று கேட்டார். ஒரு தெர்மாமீட்டர் இருந்தால் நன்றாயிருக்கும் என்றார் ஆவுடையப்பன். எழுதிப்போடும் என்றார் அவர்.

இப்படியே சில நாள் போனது. ஒரு காலையில் ஆலமரத்தடியில் பானைகள் ஆறிக்கொண்டிருக்கும்போது பேச்சித்தாய் வந்து சற்றுத் தள்ளி நின்றாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று அவர் நினைத்தார். அந்த நன்றி தமக்கு வேண்டியிருந்தது என்பதையும் அந்த நிமிஷம் தெரிந்துகொண்டார். இத்தனை தொல்லைக்கு அந்த ஒன்றாவது மிஞ்ச வேண்டாமா?

"எங்க வீட்டுக்காரரு பேரு வேல்சாமி அய்யா," என்றாள் அவள். "போன வருசம் சீசன்ல குத்தாலத்துல வச்சு அவரு பாலக் கொட்டுனிய. தொட்டுப் பாருங்கன்னு சொல்லிக்கிட்டே நின்னாரே, அவருதான்."

அவருக்குச் செம்பு ஞாபகம் வந்தது, நீட்டிய கை ஞாபகம் வந்தது, முகம் வரவில்லை.

அவள் சண்டைக்கு வரவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னாள். அன்றையிலிருந்து ஊரில் அவனுக்குத் தண்ணிக்காரன் என்று பேராகிவிட்டது. சொந்த அண்ணன் தம்பிகூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஐப்பசி வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கண்டித் தோட்டத்துக்குக் கப்பலேறிவிட்டான். அங்கன தேயிலை பறிக்கான் என்று கேள்வி. வரச் சொல்லி ஆள் விட்டால், எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வர என்கிறானாம்.

"இப்ப நான் கறக்கது அவரு கறந்த மாடுதான் அய்யா. அன்னைக்கும் லாட்ஜ் வாசல்ல வச்சுத்தான் கறந்தாரு. எங்க ஊர்க்காரரு ஒருத்தரு நாளைக்குக் கண்டிக்குப் புறப்படுதாரு. அன்னைக்கும் பாலு நல்ல பாலுதான்னு நீங்க சொன்னியன்னு சொல்லி விடட்டுமா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதானே, காசா பணமா. சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இனிமேல் ஏமாற்றப்போகிறவர்களைப் பற்றி வாய்க்கால் கரையில் அத்தனை யோசித்தாரே, ஏற்கெனவே கொட்டிய பாலைப் பற்றி ஒரு கணம் யோசித்தாரா? நல்ல பாலாகத்தான் இருந்திருக்கும். அதே மாடு, அதே சூடு. ஆனால் இருந்திருக்கும் என்பதற்கும் இருந்தது என்பதற்கும் நடுவில் ஒரு வருஷத்துச் சாக்கடை ஓடியிருக்கிறது. அதில் எந்தக் குச்சியை விட்டுப் பார்ப்பது? தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லித்தான் ஒரு மனுஷனைக் கடல் தாண்ட வைத்தார். மறுபடியும் அதையே சொல்லி அவனைத் திரும்ப அழைக்க அவருக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அவர் வாழ்நாளில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"அன்னைக்கு அவரு தொட்டுப் பாக்கச் சொன்னாரு," என்றார் மெதுவாக. "நான் தொட்டுப் பாக்கல. தொட்டிருந்தா பாலக் கொட்டியிருக்க மாட்டேன். இன்ஸ்பெக்டரு இப்படிச் சொன்னாருன்னு சொல்லி விடும்மா."

பேச்சித்தாய் அதை மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொள்வதுபோல நின்றாள்.

"போதும் அய்யா," என்றாள். "அவரு கேட்டதும் அத மட்டுந்தானே."

அவள் தலைச் சாக்கைச் சரிசெய்துகொண்டு மேலகரத்துப் பக்கமாக நடந்தாள். வரிசையிலிருந்து ரத்தினம், பால் ஆறிவிட்டது என்று குரல் கொடுத்தான். பிச்சையா பெட்டியைத் திறந்து குச்சியை எடுத்து நீட்டினான். ஆவுடையப்பன் அதை வாங்கவில்லை. முதலில் குனிந்து, பானையின் மேல் உள்ளங்கையை வைத்தார்.