சர்வருக்கு வைத்த பொட்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். விஜயதசமி காலையில் வந்தது அதற்கும் மேலே.

கோவிலம்பாக்கத்தில் முனிரத்தினம் சார் நடத்தும் ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எட்டு வருஷமாக எடுத்த ஸ்கேன் படங்கள் எல்லாம் மாடியில் இருக்கும் ஒரே ஒரு சர்வரில் இருக்கின்றன. நோயாளிகள் வந்துகொண்டே இருப்பதால் வருஷம் முழுக்க அதை அணைப்பதே இல்லை. ஆயுத பூஜை சாயங்காலம் மட்டும் அணைப்போம். துப்புரவு வேலை பார்க்கும் அங்காளம்மாக்கா அதைத் திறந்து, தூசி தட்டி, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைப்பார். நான் சர்ச்சுக்குப் போகிறவள் என்றாலும் பொரி பொட்டலம் எனக்கென்று ஒன்று தனியாக இருக்கும். மறுநாள் காலை நான் போய் ஆன் செய்வேன்.

அன்றைக்கு ஆன் செய்தேன். சர்வரை இயக்கும் லினக்ஸ் ஏறியது, ஆனால் படங்கள் இருக்கும் எட்டு டிஸ்க்கில் ஒன்றுகூடக் காணோம். மூடியைத் திறந்தேன். டிஸ்க்குகளை இணைக்கும் கார்டின் ஓரத்தில் குங்குமம் சிந்திக் கிடந்தது. அக்காவின் ஈரத்துணி அதுவரைக்கும் போயிருக்கிறது என்று முடிவு கட்ட எனக்கு அது போதுமாக இருந்தது.

“தண்ணி ஊத்தித் தொடச்சீங்களா?” என்று, மாடியைப் பெருக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் கத்தினேன்.

“நல்லா புழிஞ்சிதான் தொடச்சேன் தபீதாம்மா. எப்பவும் அப்படித்தானே,” என்றார் அக்கா.

“புழிஞ்சா இப்படி ஆகுமா? கார்டே போச்சு. எட்டு வருஷ ஸ்கேன் போச்சு.”

டிஷ்யூ பேப்பரை எடுத்துச் சர்வர் நெற்றியில் இருந்த பொட்டையும் அழித்தேன். சத்தம் கேட்டு முனிரத்தினம் சார் படியேறி வந்தார். பரம்பரை நிலத்தில் கட்டிடம் கட்டியவர். கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் சொல்வதுதான் அவருக்கு வேதவாக்கு. “போச்சு” என்ற சொல் அவர் காதில் விழுந்தது.

“கீழ ஆளுங்க வந்துகினு கீறாங்க, அவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?” என்றவர், அக்காவைப் பார்த்து, “நாளைலேர்ந்து நீ வராதே,” என்றார்.

அக்கா ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அவர் மகள் நிஷா பொத்தேரியில் நர்சிங் படிக்கிறாள். அந்தக் குடும்பம் நம்பியிருப்பது இந்த ஒரு வேலையைத்தான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

கார்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். ஈரம் இல்லை, கறை இல்லை. குங்குமத்தை ஊதிவிட்டுத் திரும்ப மாட்டினேன். லினக்ஸ் ஏறுவதற்கு முன்னால் அந்தக் கார்டு தன் திரையை ஒரு நிமிஷம் காட்டும். அதில் எட்டு டிஸ்க்கும் வரிசையாகத் தெரிந்தன. கார்டு உயிரோடுதான் இருந்தது. அதற்குப் பிறகு லினக்ஸ் வந்ததும்தான் காணாமல் போயின.

கணினி எழுதிவைத்த குறிப்புகளைப் படித்தேன். லினக்ஸ் கார்டைக் கூப்பிட்டிருக்கிறது, பதில் வரவில்லை, திரும்பக் கூப்பிட்டிருக்கிறது, கடைசியில் கைவிட்டிருக்கிறது. முதல் வரியில் இருந்த கர்னல் எண் நான் பழகிய எண் இல்லை.

கர்னல்தான் லினக்ஸின் அடிப்படை. கார்டோடு பேசும் டிரைவர் என்ற நிரலும் அதற்குள்தான் இருக்கிறது. புது கர்னல் தானாகவே இறங்கட்டும் என்று அமைத்துவைத்தவள் நானேதான். அது ஆடி மாசமே இறங்கிவிட்டது. ஆனால் மெஷினை அணைத்துப் போட்டால்தான் அது வேலைக்கு வரும். நாங்கள்தான் அணைப்பதே இல்லையே. ஆடியில் வந்தது ஆயுத பூஜைக்கு மறுநாள்தான் கண் விழித்திருக்கிறது.

பழைய கர்னலும் அழியாமல் தொடக்கப் பட்டியலில் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டு டிஸ்க்கும் வந்தன. முதலில் கிடைத்த படத்தைத் திறந்தேன், யாருடையதோ முதுகெலும்பு. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

ஆனால் இந்த முறை வாயைத் திறப்பதற்கு முன் நிச்சயமாகத் தெரிய வேண்டியிருந்தது. புது கர்னலில் போட்டேன், டிஸ்க் காணோம். பழையதில் போட்டேன், வந்தன. இன்னொரு முறையும் அப்படியே. இணையத்தில் தேடினால், இதே கார்டு வைத்திருக்கும் யாரோ ஒருவர் புது டிரைவர்மேல் இதே புகாரைப் போன வாரம் எழுதியிருந்தார். இனி நான் சொல்லாமல் கர்னல் மாறாதபடி பூட்டினேன். பிறகு கீழே போய் முனிரத்தினம் சாரிடம் சொன்னேன்.

“அப்போ தண்ணி இல்லியா?”

“இல்ல சார். நான் இறங்க விட்ட அப்டேட். சோதிச்சுப் பாக்காம விட்டது என் தப்பு. அக்காமேல பழி போட்டதும் என் தப்பு.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “நானும் கேக்காம கொள்ளாம வராதேன்னுட்டேன். போய் கூட்டிகினு வா,” என்றார்.

அக்கா எதிர் டீக்கடை பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணி பத்தரை ஆகியிருந்தது.

“இன்னும் வீட்டுக்குப் போகலையாக்கா?”

“நிஷாவுக்கு இன்னிக்கு லீவு. இப்பவே வூட்டுக்குப் போனா இன்னா ஏதுன்னு கேப்பா. இன்னான்னு சொல்றது?”

நடந்ததைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“புழிஞ்சிதான் தொடச்சேன்னு காலைலயே சொன்னேன்.”

“சொன்னீங்கக்கா.”

“நீ கத்துனது கீழ வரைக்கும் கேட்டுச்சு. இதயும் அங்கயே வந்து சொல்லு.”

வரவேற்பறையில் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். காலையில் கத்திய அதே குரலில், தவறு என்னுடையது, அங்காளம்மாக்காவுடையது இல்லை என்று சொன்னேன். முனிரத்தினம் சார் எழுந்து வந்து, “வா அங்காளம்மா, நான் சொன்னத மனசுல வெச்சுக்காதே,” என்றார்.

அக்கா பையை உள்ளே கொண்டுபோய் வைத்தார். வாளியில் துணியை நனைத்துப் பிழிந்தார். என் பக்கத்தில் வந்து, “கைய நீட்டு,” என்றார். நீட்டினேன். என் உள்ளங்கைக்கு மேலே அந்தத் துணியை மறுபடியும் முறுக்கிப் பிழிந்தார்.

ஒரு சொட்டுகூட விழவில்லை.

எட்டு டிஸ்க்கும் திரும்ப வந்தபோதுகூட வராத அழுகை அப்போதுதான் வந்தது. அக்கா துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நான் அழித்த பொட்டைத் திரும்ப வைக்க, குங்குமச் சிமிழோடு மாடிக்குப் போனார்.