வார்னிஷ் பூசிய போர்டு

இரட்டையரில் மூத்ததின் மூச்சு காலையில் அடங்கிவிட்டது. இளையதைச் சுற்றி வெந்நீர்ப் புட்டிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள் சவுரியம்மாள் சிஸ்டர். பக்கத்திலேயே, குறைமாதக் குழந்தைகளைச் சூட்டில் வைத்துக் காக்கும் கண்ணாடிப் பெட்டி துணி போர்த்திக் கிடந்தது.

ஆம்பூரை ஒட்டிய அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் மின்கருவிகளைப் பார்த்துக்கொள்பவன் சாந்தகுமார். மாலை வகுப்பில் எலெக்ட்ரானிக்ஸ் படிப்பவன். பெட்டியின் சூட்டைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் போர்டு கோடையிலேயே செத்துப்போயிருந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த மாற்று போர்டு மதராஸ் துறைமுகத்தில் கஸ்டம்ஸ் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. பழையதைக் கழற்றியபோதே அவனுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. செப்புக் கோடுகள் கரியாக இருந்தன. தோல் பதனிடும் ஷாப்புகளிலிருந்து வரும் அழுகின முட்டை வாடை, அம்மாவின் வெள்ளிச் சங்கிலியைக் கறுக்கவைக்கும் அதே காற்று. எங்கோ உட்கார்ந்து செய்தவனுக்கு இந்தக் காற்றை எப்படித் தெரியும்?

சாந்தகுமார் தானே ஒரு போர்டு செய்தான். பெங்களூரில் தயாரான பாகங்கள். மேலே இரண்டு பூச்சு வார்னிஷ். கோடுகள் போக மீதிச் செப்பைக் கரைத்த பழுப்பு நீரைச் சாக்கடையில் ஊற்றக் கை வரவில்லை. சாக்கடை போய்ச் சேர்வது பாலாற்றில். அந்தத் தண்ணீரைத்தான் அவன் தெருவே குடித்தது. ஜாடியில் அடைத்துப் பெஞ்சுக்கடியில் வைத்தான். போர்டும் அங்கேயே, பெஞ்சின் மேல், சோதனைக்கு வைத்த பல்பை எரியவிட்டு அணைத்துச் சூட்டைச் சரியாகப் பிடித்து நின்றது.

"மாட்டிடேன் சாந்தா," என்று இரட்டையர் பிறந்ததிலிருந்து சிஸ்டர் இரண்டு தரம் சொல்லியிருந்தாள்.

"ஒரிஜினல் வந்துடும் சிஸ்டர்."

தன் போர்டு தப்பிச் சூடேறினால் குழந்தை வெந்துபோகும்; அது தன் கையால் ஆனது. ஒரிஜினல் தாமதமாகிக் குழந்தை போனால் அது கஸ்டம்ஸ்காரன் பாவம். இப்படித்தான் அவன் கணக்குப் போட்டிருந்தான்.

மதியம் லியாகத் அலி வந்தான். தோல் லோடு ஏற்றித் துறைமுகத்துக்குப் போகிற லாரி டிரைவர், குழந்தைகளின் அப்பா. கையில் அட்டைப்பெட்டி.

"கெடச்சிட்ச்சு சிஸ்டர்! நம்ம தோலு கப்பல் ஏறத் தாமசமே இல்ல. இந்த டப்பா எறங்கத்தான் இன்னா பேஜாரு! காலப் புடிச்சி வாங்கினு வந்தேன்."

அவன் தொட்டிலைப் பார்த்தான். ஒன்றுதான் இருந்தது. சிஸ்டர் அவன் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். பிறகு அட்டைப்பெட்டியை மட்டும் சாந்தகுமாரிடம் நீட்டினான்.

"இதுக்காச்சும் மாட்டு தம்பி."

சாந்தகுமார் பிரித்தான். அட்டை ஊறிப்போயிருந்தது. குடோனில் மழை ஒழுகியிருக்க வேண்டும். செப்புக் கோடுகளில் பச்சை பூத்து, இரண்டு இடத்தில் கோடு அறுந்தே போயிருந்தது.

"இது ஆவாதுண்ணே. எங்கிட்ட ஒண்ணு இருக்கு."

"எப்பலேர்ந்து?"

சாந்தகுமார் சிஸ்டரைப் பார்த்தான். அவள் புட்டியில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

போர்டை எடுத்து வந்து மாட்டினான். பெட்டி சூடேறி நின்றதும் சிஸ்டர் குழந்தையை உள்ளே கிடத்தினாள். சாந்தகுமார் பக்கத்துத் துவாரம் வழியாகக் கையை விட்டு, குழந்தையின் அருகில் விரித்து வைத்தான். வெப்பமானி சரியாகத்தான் காட்டியது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லியாகத் அலி நின்றான். அவன் குழந்தையைப் பார்க்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.