பதினேழாவது கணக்கு

தெமட்டகொடையில் இருக்கும் லுத்பியாவின் தூரத்து மாமி ஒவ்வொரு வருடமும் சாதாரண தரப் பரீட்சை வாரத்தில் நோயில் விழுந்துவிடுவார். அதுவும் சரியாகக் கணிதப் பாடம் நடக்கும் நாளில். நான்கு வருடங்களாக இது தவறாமல் நடந்தது. நோய் பார்க்கப் போகும் லுத்பியாவிடம் கணவர் ஸாலிஹ் ஒரு பை திராட்சை வாங்கிக் கொடுத்துவிடுவார். தெமட்டகொடைப் பாடசாலை ஒன்றின் மரத்தடியில், முதல் வினாத்தாளுக்கும் இரண்டாவது வினாத்தாளுக்கும் நடுவே, லுத்பியா அதைத் தானே சாப்பிட்டு முடிப்பாள். மாமிக்கு ஒரு தலையிடிகூட வந்ததில்லை.

நாற்பத்து நான்கு வயதில் பதினாறு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கணிதம் எழுதுவது அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெளியே சொன்னால் கண்ணூறு படும் என்ற பயமும் இருந்தது. ஆனால் எழுதாமல் முடியாது. வெள்ளவத்தையில் ஒரு பாலர் பாடசாலையில் அவள் பதினான்கு வருடமாக உதவி ஆசிரியை. அழும் பிள்ளையை எப்படித் தூக்குவது என்று அவளிடம் கேட்டுப் பழகிய மூன்று பேர் இன்று வகுப்புக்குப் பொறுப்பான மிஸ்மார். அவள் இன்னும் மூக்குத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள். வகுப்புக் கிடைக்க டிப்ளோமா வேண்டும், டிப்ளோமாவுக்குக் கணிதத்தில் திறமைச் சித்தி வேண்டும், வெறுமனே பாஸானால் போதாது. அவளுக்கு முதல் இரண்டு தடவையும் கைவிட்டுப் போனது, அடுத்த இரண்டு தடவையும் வெறும் சாதாரண சித்தி. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் டிப்ளோமாவில் சேர்க்க மாட்டார்கள். இதுதான் கடைசி வருடம்.

விடியற்காலையில் சுபஹ் தொழுதபின் சோறு வேகும்வரை அரை மணித்தியாலம் அவளுடையது. முன்பு மூத்த மகனுடைய வினாத்தாள் புத்தகம், இப்போது மகள் அர்பாவுடையது. பென்சிலால் கணக்கைச் செய்வாள், பிறகு அழிறப்பரால் அழித்து, தூளை ஊதிவிட்டுப் புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைப்பாள். ஒரு கணக்கு மூன்று தரம் பிழைத்தால் மூன்று தரமும் அழிப்பாள். கோபம் வந்தால் எழுந்துபோய்ச் சோற்றைக் கிண்டுவாள். திரும்பி வந்து அதே கணக்கில் உட்காருவாள்.

இந்த வருடம் அர்பாவுக்கும் அதே பரீட்சை. பம்பலப்பிட்டியில் அவளுடைய பரீட்சை மண்டபத்துக்கு எதிரே தாய்மார் நாள் முழுக்கக் காத்திருப்பார்கள். குடையும் சுடுதண்ணீர்ப் போத்தலும் பக்கத்தில் இருக்கும், வாய் யாசீன் ஓதிக்கொண்டிருக்கும். வராத தாயைப் பற்றி அடுத்த பரீட்சை வரைக்கும் கதைப்பார்கள். ஒரே நாளில் ஒரு பொம்பிளை இரண்டு கேற்றில் நிற்க முடியாது. லுத்பியா தன் அனுமதி அட்டையை அலுமாரித் தட்டில் விரித்த பேப்பருக்கு அடியில் தள்ளிவிட்டாள். அன்று பாலர் பாடசாலையில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டாள். பிள்ளைகள் தாங்களாகவே பாடி முடித்தார்கள்.

கணிதத்துக்கு இரண்டு நாள் இருக்கையில், பின்னேரம், அர்பா வினாத்தாள் புத்தகத்தைக் கொண்டுவந்து உம்மாவுக்கு முன்னால் விரித்தாள். ஒரு பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தாள். அழித்த எழுத்தெல்லாம் பள்ளம் பள்ளமாகத் தெரிந்தது.

“பதினேழாவது கணக்கு நீங்க சரியாத்தான் செஞ்சீக்கிறீங்க, உம்மா. நானே இதப் பாத்துத்தான் படிச்சேன். சரியானத ஏன் அழிச்சீங்க?”

லுத்பியா புத்தகத்தை மூடப் பார்த்தாள். தபாலில் உங்கள் பெயருக்கு வந்த அனுமதி அட்டை எங்கே என்று மகள் கேட்டாள். பம்பலப்பிட்டிக்கு வாப்பா வந்து நிற்கட்டும், நீங்கள் உங்களுடைய மண்டபத்துக்குப் போங்கள் என்றாள்.

ஸாலிஹுக்கு அன்றே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் விரல் விட்டு வருடங்களை எண்ணினார்.

“அப்ப அந்தத் திராட்சையெல்லாம்?”

“நான்தான் திண்டேன்.”

பரீட்சையன்று அவர் காலி வீதியில் இருக்கும் தன் துணிக்கடையைப் பூட்டிவிட்டு, முப்பது தாய்மாருக்கு நடுவில், தொப்பி போட்டுக்கொண்டு ஒற்றை ஆம்பிளையாக உட்கார்ந்தார். போவதற்கு முன் லுத்பியாவின் கையில் வழக்கம்போல ஒரு பை திராட்சையைக் கொடுத்தார். மாமியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பரீட்சை மண்டபத்தில் லுத்பியா நான்காவது கணக்கை முடித்தாள். விடை சரிதானா என்ற சந்தேகம் வந்தது, கை தானாகவே அதை வெட்டப் போனது. போன தடவைகளிலும் இப்படித்தான் எத்தனையோ விடைகளை வெட்டிவிட்டு வேறொன்றை எழுதினாள். இப்போது கையை இழுத்துக்கொண்டாள். கணக்கை முதல் வரியிலிருந்து ஆறுதலாக, ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். சரியாக இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். மணி அடிக்கும்போது அவளுடைய தாளில் ஒரு வெட்டுக்கூட இல்லை.

முடிவு வர மாதங்களாயின. அர்பா போனில் தன்னுடையதை விட்டுவிட்டு உம்மாவின் பரீட்சைச் சுட்டெண்ணைத்தான் முதலில் போட்டாள். கணிதம், திறமைச் சித்தி. லுத்பியா பெயரை இன்னொரு தரம் பார்க்கச் சொன்னாள். பெயரும் சரியாகத்தான் இருந்தது. நாற்பத்தைந்து வயதுக்குப் பதினொரு நாள் மிச்சம் இருக்கையில் டிப்ளோமாவுக்குப் பதிந்துவிட்டு வந்தாள்.

மறுநாள் சுபஹ் தொழுதுவிட்டுச் சோற்றை அடுப்பில் வைத்தாள். செய்ய ஒரு கணக்கும் இல்லை, ஆனாலும் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். புத்தகத்தில் பதினேழாவது கணக்கைத் தேடி எடுத்து, அழித்த எழுத்தின் பள்ளத்தின் மேலேயே, வரி வரியாகப் பேனையால் எழுதினாள்.