மைக்கம்மா காட்டிய இருண்ட முகில்

"லென்ஸ்ல அழுக்கே இல்லைங்கறேன்! இன்னும் எப்படிச் சொல்லணும், மைக்ல சொல்லணுமா?"

"அப்போ நான் பார்த்தது என்ன? எனக்கென்ன கண்ணு அவிஞ்சு போச்சா?"

இப்படிக் கேட்டுவிட்ட மாத்திரத்தில் மைக்கம்மா தானே வாயை மூடிக்கொண்டாள். எதற்கும் அடங்காத வாய் அது. கோளரங்கத்தின் கடைசி வரிசையில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த இரண்டு பேர், சண்டை ஏன் பாதியில் நின்றது என்று ஏமாற்றத்தோடு திரும்பிப் பார்த்தார்கள்.

கோளரங்கத்தில் மைக் பிடித்து வானத்தை விளக்கிப் பேசுவது அவள் வேலை. அரை உருண்டைக் கூரையில் நட்சத்திரங்களைக் காட்டும் கருவியை ஓட்டுபவர் லென்ஸ். இருவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. அந்தக் கருவியின் கண்ணாடிகளை மெல்லிய தூரிகையால் அவர் துடைக்கிற பக்குவத்தைப் பார்த்தவர்கள், இந்த மனிதர் ஏன் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பதை நிறுத்திவிடுவார்கள். அவரிடம் போய் அழுக்கு என்றால்?

நடந்தது இதுதான். நெபுலா வரும் இடத்தில் மைக்கம்மா வழக்கமாகச் சொல்வாள்: "நெபுலா என்றால் முகில். வாயுவும் தூசும் சேர்ந்த விண்முகில். மழை பெய்யாது, ஆனால் நட்சத்திரங்களைப் பெற்றெடுக்கும். ஒளிர்கிற முகிலும் உண்டு, இருண்ட முகிலும் உண்டு. இருண்டதைப் பார்த்து வானத்தில் ஓட்டை என்று நினைத்துவிடாதீர்கள். பின்னால் இருப்பதை மறைத்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்." சொல்லிக்கொண்டே கையிலிருக்கும் அம்பு விளக்கால் பால்வீதியில் அந்தக் கறுப்புத் திட்டைத் தொட்டுக் காட்டுவாள். அன்றும் காட்டினாள். கூட்டத்தில் சலசலப்பு. "எங்கம்மா? அங்க ஒண்ணும் இல்லையே!" என்று யாரோ கேட்டார்கள். அவள் அம்பை நகர்த்தினாள். முகிலும் கூடவே நகர்ந்தது.

அந்தத் தொழிலில் இருப்பவளுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு இது. வேறு யாராவது என்றால் கண்ணைக் கசக்கியிருப்பார்கள். இவள் விளக்கவுரை நிகழ்த்திவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே குளியலறைக்குள் போனாள். வெள்ளை ஓடு பதித்த சுவர். இடது கண்ணைப் பொத்தினாள். வலது கண்ணுக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு பிசிறு மிதந்தது. மேலே பார்த்தால் மேலே, கீழே பார்த்தால் கீழே. கையால் விரட்டினாள். போவதாக இல்லை.

அவள் அப்பா தையல்காரர். "மூலையில புகை மாதிரி ஏதோ தெரியுது" என்று ஒரு நாள் தையல் மெஷினிலிருந்து எழுந்தார். அடுப்பில் எதையோ கருகவிட்டுவிட்டதாக அம்மாவைத் திட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். வாரம் முடிவதற்குள் ஒரு கண்ணில் திரை விழுந்துவிட்டது; உள்ளே ஓட்டை என்றார் டாக்டர். பிறகு அவர் ஊசியில் நூல் கோக்கவே இல்லை; பிள்ளைகள்தான் கோத்துக் கொடுத்தார்கள்.

"அக்கா, உள்ள என்ன பண்றே? தூங்கிட்டியா?" தங்கச்சி கதவைத் தட்டினாள்.

"ஈ ஒண்ணு. விரட்டிட்டிருக்கேன்."

"ஒரு ஈக்கு இவ்வளவு நேரமா? அதுக்கும் கதை சொல்லிட்டிருக்கியா?"

எதிர்வீட்டக்காவின் சமையலறை ஜன்னல் இவர்கள் கூடத்தைப் பார்த்தபடி இருக்கும். மறுநாள் காலையில் மைக்கம்மா காற்றில் கையை வீசுவதை அந்த அம்மாள் தற்செயலாகப் பார்த்தாள். அவள் பார்ப்பதெல்லாம் தற்செயல்தான். மதியத்துக்குள் குடியிருப்பு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. யாருக்கோ கையசைக்கிறாள் என்று ஒரு கட்சி, வேலை போய்விட்டது என்று இன்னொரு கட்சி. "ஒண்ணும் தெளிவா இல்லை, நெபுலாதான்" என்று எதிர்வீட்டக்கா தீர்ப்பு சொன்னாள். மைக்கம்மா வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது காதில் விழுந்த வார்த்தை அது. மாடி வீட்டுப் பெண்ணின் வரன் முதல் தண்ணீர்த் தொட்டி சாவி வரை, பிடிபடாத எல்லாவற்றுக்கும் அங்கே அதுதான் பெயர்.

மைக்கம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டரிடம் போக வேண்டும் என்று தெரியும். போனால் அவர் சொல்லிவிடுவாரே. சொல்லாத வரைக்கும் அது வெறும் பிசிறு.

அன்று காலைக் காட்சி முடிந்து கூட்டம் கலைந்ததும் லென்ஸிடம் போனாள்.

"எல்லாத்தையும் அணைங்க."

"எல்லாத்தையும்னா?"

"வெளியேறும் வழி விளக்கு, உங்க மேஜை விளக்கு, எல்லாம். நேத்துச் சண்டையை இன்னைக்கு முடிச்சிடலாம்."

அவர் அணைத்தார். தன் கையே தனக்குத் தெரியாத இருட்டு. அவள் கண்ணை மெதுவாக ஓரத்துக்குத் திருப்பினாள்.

மின்னல் வெட்டியது. வலது ஓரத்தில், வளைந்து, சத்தமில்லாமல்.

"இப்ப என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடலையே."

"விளையாடாதீங்க. மின்னல் போட்டீங்க."

"மேடம், நான் ஸ்விட்ச் பக்கமே கையைக் கொண்டு போகலை."

இன்னொன்று வெட்டியது. அவள் பிடிக்க எதுவும் கிடைக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தன் மூச்சுச் சத்தம் கூரையில் மோதித் திரும்பி வருவது அவளுக்கே கேட்டது. எத்தனை ஆயிரம் பேரை இந்த இருட்டில் உட்காரவைத்து "பயப்படாதீர்கள், கண் பழகிவிடும்" என்று சொல்லியிருக்கிறாள்! பழகாவிட்டால்? இதுவே நிலையாகிவிட்டால்?

லென்ஸ் டார்ச்சோடு வந்து பக்கத்தில் குந்தினார். அப்பா கதையைச் சொன்னாள். முதல் தடவையாக, ஏற்ற இறக்கமே இல்லாமல்.

"டாக்டர்கிட்ட போனா ஓட்டைன்னு சொல்லிடுவாரு."

"ஓட்டைன்னு நினைக்காதீங்கன்னு தினமும் நீங்கதானே சொல்றீங்க?"

"அது வானத்துக்கு. இது என் கண்ணு."

காய்ச்சலோடும் கருவியை விட்டு நகராத மனிதர், வாசலில் 'மதியக் காட்சி இல்லை' என்று பலகையை மாட்டினார். "எழுந்திரிங்க. என் மேல கோபம்னா வண்டியில உட்கார்ந்துக்கிட்டுத் திட்டுங்க."

கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். எதிர்ச் சுவரிலிருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. மருந்தால்தான் என்று சொன்னார்கள், அவள் நம்பவில்லை. லென்ஸின் சட்டைக் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. தகவல் தெரிந்து ஓடி வந்த தங்கச்சி அதைப் பார்த்தாள். அக்காவுக்கு என்ன ஆயிற்றோ என்று அழுதுகொண்டேதான் பார்த்தாள், ஆனாலும் பார்த்தாள்.

பார்த்துச் சோதித்த டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "விழித்திரையில ஒரு கிழிசல் இருக்கு. சின்ன ஓட்டை."

ஆக, ஓட்டையேதான்.

"திரை இன்னும் பிரியலை. இப்பவே லேசர் போட்டு ஒட்டிடலாம். இன்னும் தள்ளிப் போட்டிருந்தா என்னால உறுதி சொல்ல முடியாது."

பச்சை வெளிச்சம் பளீர் பளீரென்று அடித்தது. அவள் தாடையைத் தாங்கியில் பதித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். அசைந்தால் என்ன ஆகும் என்று கேட்கக்கூடப் பயம்.

கண் தப்பியது. பிசிறு மட்டும் போகவில்லை. பழகிக்கொள்ள வேண்டும் என்றார்கள். மின்னல் மறுபடி வந்தாலோ, பிசிறுகள் கூடினாலோ, ஓரத்தில் நிழல் படிந்தாலோ உடனே ஓடி வரவேண்டும். 'உடனே' என்பதை டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னதை மைக்கம்மா கவனித்துக்கொண்டாள்.

மறுபடி வேலைக்குப் போனபோது ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அவள் அம்பு விளக்கை இருண்ட முகிலில் வைத்ததும் லென்ஸ் லேசாக இருமுவார். ஓர் இருமல் என்றால் அது வானத்து முகில். இரண்டு என்றால் அவளுடையது. 'ஓட்டை என்று நினைத்துவிடாதீர்கள்' என்ற வாக்கியம் வரும்போது மட்டும் அவள் குரல் ஒரு நொடி தடுமாறும். பார்வையாளர்கள் அதை நடிப்பு என்று நினைத்து ரசித்தார்கள்.

தங்கச்சி அந்த மருத்துவமனை மருந்துக் கடைக்காரரையே கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அக்காவுக்குச் சொட்டு மருந்து வாங்க அத்தனை தடவை போனது எதற்கு என்று அப்புறம்தான் குடியிருப்புக்கு விளங்கியது. மைக்கம்மாவும் லென்ஸும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கோளரங்கத்துக்குப் பின் தெருவில் வீடு பார்த்துக் கொண்டார்கள். எதிர்வீட்டக்கா ஒரு நாள் தற்செயலாக அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கூடத்துச் சுவர் வெள்ளை வெளேரென்று இருக்கிறதாம். ஒரு காலண்டர் மாட்ட வேண்டும் என்று லென்ஸ் கேட்டுப் பார்த்தாராம், அவள் விடவில்லையாம். காலையில் எழுந்ததும் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று இடது கண்ணைப் பொத்திக்கொள்கிறாளாம். அவள் கையை எடுக்கிற வரைக்கும், மனுஷன் அடுப்படியில் பாத்திரத்தைக்கூட நகர்த்துவதில்லையாம்.