குறடு

அன்செல்மோ புருசோனே பதினான்கு வருடம் ஐந்தாம் எண் சட்டை போட்டு நடுக்களத்தில் ஆடினார். பத்தொன்பது சிவப்பு அட்டை. காலைப் பிடித்தால் விடமாட்டார் என்று கால்போன் என்ற கால்பந்து கிளப்பின் ரசிகர்கள் அவருக்குக் குறடு என்று பெயர் வைத்துப் பாட்டும் கட்டியிருந்தார்கள். கடைசி சிவப்பு அட்டையோடு ஒரு இளைஞனின் முழங்காலும் போயிற்று. அவன் பிறகு ஆடவேயில்லை. மருத்துவமனைக்குப் பார்க்கப் போனபோது அவன் அம்மா புருசோனேயை வராந்தாவிலேயே நிறுத்திவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் பயிற்சியாளர் படிப்பெல்லாம். அதே கிளப்பின் பொறுப்பு கைக்கு வந்த முதல் நாளே சொன்னார்: "கால பாக்காதீங்கடா, பந்தப் பாருங்க. சரியான இடத்துல நின்னா எவனையும் உதைக்க வேண்டியதில்ல."

இரண்டு வருடம் இதையே ஓதினார். தடிமாட்டுப் பசங்கள் தலையாட்டினார்கள், அவ்வளவுதான். ரசிகர்கள் கம்பிவேலியில் தொங்கிக்கொண்டு, "குறடு, பசங்களுக்குப் பால்புட்டியும் கொடுத்து அனுப்பு!" என்று கத்தினார்கள். அவருக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் தான் செத்தபின் ஊர் அந்த முழங்காலைத் தவிர வேறு எதையாவது பேச வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை.

சீசனின் கடைசி ஆட்டம். டிரா செய்தால் பிழைப்பார்கள், தோற்றால் கீழ்ப் பிரிவு. ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. கடைசி நிமிடத்தில் ஒரு கார்னர் கிடைத்ததும், "போகாதீங்கடா!" என்று அவர் தொண்டை கிழியக் கத்தியும் கேட்காமல் அத்தனை பேரும் முன்னால் ஓடினார்கள். பந்தைப் பறித்த எதிரணி விங்கர், எல்லைக்கோட்டை ஒட்டித் தனியாளாக அவர் பக்கம் பறந்து வந்தான்.

"யோவ் அன்செல்மோ, பின்னால ஒருத்தனுமில்லயே!" உதவியாளர் ரோமுலோ கையிலிருந்த மாத்தே டீக் குடுவையைக் கீழே போட்டுவிட்டார்.

புருசோனே யோசிக்கவில்லை. நாற்பத்தெட்டு வயதுக் கால், தோல் ஷூவோடு, கோட்டைத் தாண்டிச் சறுக்கிக்கொண்டு போனது. பந்து ஒரு பக்கம், விங்கர் ஒரு பக்கம்.

அவர் தவழ்ந்தே போனார். "முழங்கால்? தம்பி, முழங்கால் நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான்யா மூளை கழண்டுபோச்சு!"

இருபதாவது சிவப்பு அட்டை. அவர் உடைமாற்றும் அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் எதிரணி அடித்த ஃப்ரீ கிக் கோல் கம்பத்துக்கு மேலே பறந்து, ஆட்டமும் முடிந்திருந்தது. கிளப் பிழைத்துவிட்டது. வெளியே பன்னிரண்டு வருடமாக யாரும் பாடாத அந்தப் பழைய பாட்டு. கிழிந்த பேன்ட்டோடு உட்கார்ந்து அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

விடுமுறைக்கு முன் கிளப்பில் எல்லோருமாக இறைச்சி சுட்டார்கள். கேப்டன் ஒக்டாவியோ தட்டைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் வந்தான்.

"வாத்தியாரே, அந்தச் சறுக்குல இடுப்ப எப்படித் திருப்புனீங்க? எங்களுக்கும் சொல்லிக் குடுங்களேன்."

மற்றவர்களும் சுற்றி வந்து நின்றார்கள். ஒருவன்கூட வேறு பக்கம் பார்க்கவில்லை. இரண்டு வருடத்தில் அவர்கள் அவரிடம் வாய்விட்டுக் கேட்ட ஒரே பாடம் அதுதான்.