பதினேழு எந்த வீடு?

1

இந்தக் கதை என் வாயிலிருந்து விழுந்த ஒரே சொல்லில் பிறந்தது: "தெரியலைங்க."

மாடி ஜன்னலோரம் வேறொரு கதை எழுதிக்கொண்டிருந்தேன். கீழே ஆம்புலன்ஸ் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "சார், பதினேழு எந்த வீடு?" என்று கத்தினார். அதற்குத்தான் அந்தப் பதில்.

எதிர்வீடுதான் பதினேழு. பதினொரு வருடமாக எனக்கு அது தையலக்கா வீடு. அதற்கு ஓர் எண் உண்டென்பதே மண்டையில் ஏறவில்லை.

2

முதலில் எழுதிய வரி: 'ஊரே உறங்கிய மதியத்தில் விதி வந்து' –

(அடித்துவிட்டேன். விதி எங்கே வந்தது?)

நடந்தது இது. அக்காவின் கணவர் பஸ் கண்டக்டர். சாப்பிட்ட தட்டைக் கழுவப் போனவர் குழாயடியிலேயே சரிந்தார். போனில் ஒரு பெண் குரல், "நெஞ்சுல ரெண்டு கையையும் வெச்சு அழுத்துங்கம்மா. வண்டி வர்ற வரைக்கும் நிறுத்திடாதீங்க" என்றது. அக்கா அழுத்தினாள். சைரன் கேட்டது.

"வந்துட்டாங்க... இதோ வந்துட்டாங்க" என்று அவர் காதில் சொன்னாள்.

சைரன் வாசலைத் தாண்டிப் போயிற்று.

கையை எடுத்தால் உயிர் போகும், எடுக்காவிட்டால் வண்டி போகும். தொண்டை கிழியக் கத்தினாள். திரும்பி வந்த சைரன் அவள் கத்தலை விழுங்கிக்கொண்டு மறுபடியும் தாண்டியது.

(நான் மேலிருந்து பார்த்தேன். 'பாவம், யாருக்கோ என்னவோ' என்று நினைத்தேன். இந்த வரியை மூன்று முறை எடுத்தேன், மூன்று முறை திரும்ப வைத்தேன்.)

தைக்கக் கொடுத்த சீருடையை வாங்க வந்த ஒருத்திதான் உள்ளே எட்டிப் பார்த்து, அலறிக்கொண்டு நடுத்தெருவுக்கு ஓடி வண்டியை மறித்தாள்.

3

வீட்டு எண்ணை ஒரு கொடி மறைத்திருந்ததாக எழுதி, அக்காவிடம் படித்துக் காட்டினேன். என் பங்கை மட்டும் விட்டுவிட்டு.

"கொடியாவது செடியாவது! என் தையல் போர்டைத்தான் அது மேல அடிச்சேன். இந்தக் கையாலதான். அப்படியே எழுது தம்பி."

4

'அவர் பிழைத்து மறுபடி வேலைக்குப் போனார்.' பொய். 'அவர் இறந்தார்.' அதுவும் பொய். உயிர் தங்கிவிட்டது. பேச்சு போய்விட்டது. பஸ் முழுக்கக் கேட்கும்படி நிறுத்தங்களைக் கூவியவர், இப்போது தண்ணீருக்கு மேசையைத் தட்டுகிறார்.

நேற்று அக்கா வெள்ளை மதிலில் முழ உயரத்துக்குக் கறுப்பில் பதினேழு எழுதினாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். நான்கு முறை தெருமுனைக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வந்தாள். பிறகு பிரஷ்ஷைத் துடைத்தபடி கேட்டாள்:

"அந்த டிரைவர் யாரையோ கேட்டாராம் தம்பி. தெரியலைன்னுட்டாங்களாம். நம்ம தெருவுலயே இருந்துக்கிட்டு... யாரா இருக்கும்?"

அவள் என் முகத்தையே பார்க்கிறாள். அடுத்த வரிக்கு வாயைத் திறந்தேன்: "அக்கா, அது" –

இதற்கு மேல் என்னால் ஆகாது. ஏணியை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். அவளுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.