அந்தப் பக்கத்துப் படிக்கட்டு

சுருள் படியில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. சவ வண்டிக்காரர் அதை நிமிர்த்திப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். கடைசியில் இரும்புக் கைப்பிடியில் சாத்திவிட்டு வெறுங்கையோடு மாடிக்கு வந்தார்.

"நாற்காலியில உக்கார வெச்சு, துணியால கட்டி எறக்கிரலாம்மா. வேற வழி இல்ல."

அவள் அப்பாவைப் பார்த்தாள். காலையில்தான் மூச்சு நின்றிருந்தது. முகம் வற்றிப்போயிருந்தாலும் நெற்றித் தழும்பு மட்டும் அப்படியே இருந்தது. வாலிப வயதில் ஓடி இறங்கும்போது பட்டது என்பார்; எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். யாருக்கும் குனியாத மனிதரை மூட்டை போலக் கட்டி இறக்குவதா? அவளுக்கு மனசு கேட்கவில்லை. படுத்தபடிதான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

கடைத்தெருவில் முதலில் எழுந்த மாடிக் கட்டடம் அது. தாத்தா கட்டியது. கீழே துணிக்கடை, மேலே வீடு, உச்சியில் சிமெண்டில் கடையின் பெயர். தாத்தா போனதும் அப்பாவும் சித்தப்பாவும் நடுவில் கோடு கிழித்தார்கள். பெயரில் பாதி எழுத்துகள் இந்தப் பக்கம், மீதி அந்தப் பக்கம். படிக்கட்டு சித்தப்பா பங்குக்குப் போயிற்று. தம்பியிடம் வழி கேட்டு நிற்பதா என்று அப்பா அந்தப் படிக்குத் திறக்கும் மாடி வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார். வீம்புக்குப் பின்புறம் ஒரு சுருள் படி வைத்தார். அண்ணன் தம்பி சண்டையில் கொத்தனார் வீடு கட்டிக்கொண்டார் என்று தெருவே சிரித்தது.

அப்புறம் துணிக்கடை பாத்திரக்கடையானது, பேங்க் வந்தது, இப்போது செல்போன் கடை. அந்தப் பக்கம் சித்தப்பா மருந்துக்கடை வைத்தார். சாலையை அகலப்படுத்தியபோது இரண்டு பேருக்கும் முன் வராந்தா போயிற்று. சுவர் மட்டும் போகவில்லை. அப்பா படுக்கையில் விழுந்த பிறகும், பக்கத்திலேயே மருந்துக்கடை இருக்க, அவள் தெருக்கோடி வரை நடந்துதான் மாத்திரை வாங்கி வந்தாள்.

சுவரை உடைக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மருந்துக்கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே விளக்கு போடாமல் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். சேதி தெரிந்திருந்தது, எந்த முகத்தோடு வருவது என்றுதான் தெரியவில்லை போலும். அவள் ஸ்ட்ரெச்சரைப் பற்றிச் சொன்னாள், நாற்காலியைப் பற்றிச் சொன்னாள், சுவரை உடைத்துப் பழைய படியில் இறக்கலாமா என்று கேட்டாள். அவர் கல்லாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது அண்ணன் கட்டுன சுவரு. அவரு கண்ண மூடினதும் நான் இடிச்சா நல்லாவா இருக்கும்?"

"அப்பாவக் கட்டித் தூக்கினா நல்லா இருக்குமா சித்தப்பா?"

அவர் எழுந்து உள்ளே போனார். படிக்கட்டு முழுக்க மருந்து அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றாக அவரே எடுத்து வைத்தார். அவள் கை கொடுக்கப் போனபோது விலக்கினார். பிறகு கடப்பாரையோடு மேலே ஏறினார். நாலு இடி இடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. சவ வண்டிக்காரர் கடப்பாரையை வாங்கிக்கொண்டார். முதல் செங்கல் இந்தப் பக்கம் விழுந்தபோது, தூசி படாமலிருக்க அம்மா போர்வையை இழுத்து அப்பாவின் முகத்தை மூடினாள்.

தூக்கும்போது சித்தப்பா தலைமாட்டுக்கு வந்து நின்றார். வயதாகிவிட்டது, விட்டுவிடுங்கள் என்று தெருக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவர் காதில் வாங்கவில்லை.

அந்தப் படிக்கட்டை அவள் அன்றுதான் முழுதாகப் பார்த்தாள். அகலமான படிகள். ஸ்ட்ரெச்சர் தட்டாமல் இறங்கியது. படி திரும்பும் இடத்தில் மட்டும் ஒரு மர உத்தரம் தாழ்வாகக் குறுக்கே ஓடியது. அதன் கீழே வந்ததும் சித்தப்பா நின்றார்.

"அண்ணே, குனிஞ்சு வா. உத்தரம்."

கீழ்ப்படியில் நின்ற வண்டிக்காரர் ஸ்ட்ரெச்சரைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார். பின்னால் வந்த அவள் குள்ளம். உத்தரம் அவள் தலைக்கு எட்டாத உயரத்தில்தான் இருந்தது. ஆனாலும் குனிந்தே இறங்கினாள்.